லிண்டன் ஜான்சன்: ஓட்டு எண்ணத் தெரிந்த மனிதர்

கேள்வி: கென்னடியைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அவருக்குப் பின் அதிபரான லிண்டன் ஜான்சனைப் பற்றி ஒன்றுக்கொன்று பொருந்தாமல் சொல்கிறார்கள். கறுப்பின மக்களுக்கு உரிமை வாங்கிக் கொடுத்தவர் என்கிறார்கள். வியட்நாமில் குண்டு போட்டவர் என்கிறார்கள். பஞ்ச காலத்தில் இந்தியாவுக்குக் கோதுமையை நிறுத்தியவர் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. எது உண்மை? அவர் யார், எங்கிருந்து வந்தார்?

மூன்றுமே உண்மைதான். மூன்றாவதில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம் வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஜான்சனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவரை இரண்டு ஆளாகப் பிரித்துவிடுகிறார்கள். உள்நாட்டில் ஒரு நல்ல ஜான்சன், வெளிநாட்டில் ஒரு கெட்ட ஜான்சன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டு இடத்திலும் வேலை செய்தது ஒரே ஆள், ஒரே சாமர்த்தியம். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறார் என்பதைக் கண்டுபிடித்துத் தன் காரியத்தை முடித்துக்கொள்வது. எந்த மனிதனுக்கும் ஒரு விலை உண்டு என்று அவர் முழுமையாக நம்பினார். வாஷிங்டனில் அந்த நம்பிக்கை பலித்தது. வடவியட்நாமின் தலைநகர் ஹனோயில் பலிக்கவில்லை.

அவர் 1908 ஆகஸ்ட் 27 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் குன்றுப் பகுதியில், பெடர்னேல்ஸ் ஆற்றங்கரையில் ஒரு சிறிய பண்ணை வீட்டில் பிறந்தார். பார்க்கப் பச்சையாக இருக்கும், ஆனால் மண் ஆழமில்லாதது. அடியில் சுண்ணாம்புப் பாறை, மழையும் நம்ப முடியாதது. அப்பா சாம் ஜான்சன் டெக்சாஸ் சட்டமன்ற உறுப்பினர். லஞ்சம் வாங்காதவர் என்று பெயர் எடுத்தவர். குடும்பத்தின் பழைய நிலத்தை அதிக விலை கொடுத்துத் திரும்ப வாங்கினார். 1920இல் பருத்தி விலை சரிந்ததும் எல்லாம் போயிற்று, கடன் மட்டும் நின்றது. ஊரில் மரியாதையாக இருந்த குடும்பம், கடைக்காரர் கடன் கொடுக்கத் தயங்கும் குடும்பமாக மாறியதைப் பையன் தன் கண்ணாலேயே பார்த்தான். ஜான்சனுக்குப் பிற்காலத்தில் இருந்த இரண்டு வெறி, பணம் சேர்ப்பதும் யாரிடமும் தோற்காமல் இருப்பதும், இங்கே தொடங்கின என்றுதான் நான் நினைக்கிறேன். நேர்மையான அப்பா என்ன ஆனார் என்பது அவருக்கு மறக்கவே இல்லை.

பள்ளி முடித்ததும் கலிபோர்னியாவுக்கு ஓடினார், திரும்பி வந்து சாலை போடும் வேலையில் மண் சுமந்தார், அப்புறம் சான் மார்கோஸ் ஊரில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்குப் பணம் போதவில்லை. அதனால் 1928இல் ஒரு வருடம் படிப்பை நிறுத்திவிட்டு, மெக்சிகோ எல்லைப் பக்கம் கொட்டுல்லா என்ற சிற்றூரில் பள்ளி ஆசிரியர் ஆனார். மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகள் மட்டுமே படித்த பள்ளி அது. பல குழந்தைகள் காலைச் சாப்பாடு இல்லாமல் வருவார்கள். இவர் தன் முதல் சம்பளத்தில் அவர்களுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுத்தார். வகுப்பில் கண்டிப்பும் அதிகம். இந்தப் பள்ளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 37 வருடம் கழித்து இது திரும்ப வருகிறது.

1931இல் ஒரு டெக்சாஸ் எம்.பி.யின் செயலாளராக வாஷிங்டன் போனார். அங்கே எம்.பி.க்களின் உதவியாளர்கள் பலர் தங்கியிருந்த டாட்ஜ் ஹோட்டலில் இவருக்கும் அறை. முதல் நாள் பொதுக் குளியலறைக்கு நான்கு தடவை குளிக்கப் போனாராம். அழுக்கு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாக யாரையாவது சந்திக்கலாம், யார் விஷயம் தெரிந்தவர் என்று பார்க்கலாம், அவ்வளவுதான். 1934இல் கிளாடியா டெய்லரைச் சந்தித்து, இரண்டரை மாதத்துக்குள் கல்யாணமும் முடித்துவிட்டார். எல்லோரும் அவரை லேடி பேர்ட் என்றே அழைப்பார்கள். பொறுமை, வியாபாரப் புத்தி, நிதானம் என்று கணவருக்கு இல்லாததெல்லாம் அந்த அம்மாவிடம் இருந்தது.

1937இல் தொகுதி எம்.பி. இறந்து இடைத்தேர்தல் வந்தது. 28 வயதில் நின்று ஜெயித்தார். வழி எளிது: மற்ற வேட்பாளர்கள் அதிபர் ரூஸ்வெல்ட்டை அரை மனதாக ஆதரித்தபோது இவர் முழுத் தொண்டையில் ஆதரித்தார். எம்.பி.யாக இவர் செய்ததில் மிகப் பெரிய காரியம் மின்சாரம் கொண்டுவந்தது. அந்தக் குன்றுப் பகுதியில் 1930களின் கடைசி வரை கிராமங்களில் கரண்ட் கிடையாது. பெண்கள் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துச் சுமந்து, விறகடுப்பில் இரும்பைக் காயவைத்துத் துணி தேய்த்து, நாற்பது வயதில் முதுகு வளைந்து போனார்கள். வீடுகள் மிகத் தள்ளித் தள்ளி இருப்பதால் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று கிராம மின்மய அமைப்பு மறுத்தது. இவர் நேராக ரூஸ்வெல்ட்டிடம் போய்க் கடன் ஒப்புதல் வாங்கினார். 1939இல் விளக்கு எரிந்தது. அங்கே தங்கள் பிள்ளைக்கு லிண்டன் என்று பெயர் வைத்தவர்கள் உண்டு.

இனி இருண்ட பக்கம். 1941இல் மேல்சபையான செனட்டுக்கு நடந்த தேர்தலில் நின்று 1,311 ஓட்டில் தோற்றார். கிராமப்புற ஓட்டுக் கணக்கைக் கடைசி நேரத்தில் எதிர்த்தரப்பு மாற்றிவிட்டது என்பது அவர் தரப்பின் புகார். 1948இல் மறுபடி நின்றார். இந்த முறை ஹெலிகாப்டரில் ஊர் ஊராகப் போனார். டெக்சாஸ் விவசாயிகள் பலர் அதுவரை அந்த இயந்திரத்தைப் பார்த்ததே இல்லை, அதைப் பார்க்கவே கூட்டம் கூடியது. அவருடைய ஜனநாயகக் கட்சி உள்தேர்தலின் இறுதிச் சுற்றில் எதிராளி முன்னாள் ஆளுநர் கோக் ஸ்டீவன்சன். கிட்டத்தட்ட 10 லட்சம் ஓட்டுப் பதிவானதில் ஜான்சன் 87 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். எப்படி? தேர்தல் முடிந்து ஆறு நாள் கழித்து, ஆலிஸ் என்ற ஊரின் 13ஆம் எண் பெட்டியில் அவருக்குக் கூடுதலாக 200 ஓட்டு முளைத்தது. வாக்காளர் பட்டியலில் கடைசி 200 பெயர்கள் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், அகர வரிசையில் இருந்தன! 1977இல் அந்தச் சாவடியின் தேர்தல் அதிகாரியே அது மோசடி என்று ஒப்புக்கொண்டார். வழக்கு உச்ச நீதிமன்ற நீதிபதி வரை போய் அடங்கியது. ஜான்சனுக்கு அமெரிக்கப் பத்திரிகைகள் வைத்த கேலிப் பெயர், ‘மகத்தான வெற்றி லிண்டன்’.

பணமும் இப்படித்தான். 1943இல் லேடி பேர்ட் பெயரில் ஆஸ்டின் நகரில் நஷ்டத்தில் ஓடிய ஒரு வானொலி நிலையத்தை 17,500 டாலருக்கு வாங்கினார்கள். ஒலிபரப்பு ஆணையத்திடம் அதற்கு வேண்டிய அனுமதி எல்லாம் தடையில்லாமல் கிடைத்தது. பிறகு அதுவே தொலைக்காட்சி நிலையமாகி, பல வருடம் அந்த நகரில் போட்டியே இல்லாமல் ஓடியது. வாழ்நாள் முழுக்க அரசுச் சம்பளம் வாங்கியவர் கோடீசுவரராகத்தான் செத்தார்.

செனட்டில்தான் அவருடைய திறமை முழுதாகத் தெரிந்தது. உள்ளே போனதும் அவர் தேடியது அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை. அது ஜார்ஜியா செனட்டர் ரிச்சர்ட் ரஸ்ஸல். கல்யாணம் செய்துகொள்ளாதவர், தனிமையில் வாழ்பவர். ஜான்சன் அவரை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார், குழந்தைகள் அவரை மாமா என்று அழைத்தார்கள். இதற்கு முன் பிரதிநிதிகள் சபையில் சபாநாயகர் சாம் ரேபர்னிடம் செய்ததும் இதுவே. அவரும் தனிக்கட்டைதான். சரி, இது நடிப்பா, பாசமா? இரண்டும்தான் என்று எனக்குப் படுகிறது. ஜான்சனால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடிந்தது.

1955இல் 46 வயதில் செனட்டில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவரானார். அந்த ஜூலையிலேயே கடுமையான மாரடைப்பு வந்தது. ஒரு நாளைக்கு மூன்று பாக்கெட் சிகரெட் பிடித்தவர் அன்றோடு நிறுத்தினார். உயரம் ஆறடி மூன்று அங்குலத்துக்கு மேல். பேசும்போது எதிராளியின் முகத்துக்கு மேல் குனிந்து, சட்டையைப் பிடித்து, தோளில் கைபோட்டு, கெஞ்சி, அழுது, மிரட்டி, கடைசியில் சரி என்று சொல்லவைத்து விடுவார். நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசும் தரகரைப் பார்த்திருப்பீர்கள். கூட்டத்தில் மற்றவருக்கு ஒன்றும் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். செனட்டில் ஜான்சன் பேசிய விலைகளும் அப்படி. ஒருவருக்கு ஓர் அணைக்கட்டு, இன்னொருவருக்கு நல்ல குழுவில் இடம், வேறொருவருக்கு வெறும் பாராட்டு. ஓட்டெடுப்புக்கு முன்பே முடிவு எத்தனைக்கு எத்தனை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

இங்கே ஒன்றை மறைக்கக்கூடாது. 1937 முதல் இருபது வருடம், கறுப்பின மக்களுக்கு ஆதரவாக வந்த சிவில் உரிமை மசோதா ஒவ்வொன்றையும் எதிர்த்து ஓட்டுப் போட்டவர் இவர். அடித்துக் கொல்லும் கும்பல்களைத் தண்டிக்கும் மசோதாவையும் சேர்த்துத்தான். டெக்சாஸில் ஜெயிக்க அது தேவைப்பட்டது, தேசிய அளவில் உயர அது தடையானது. 1957இல், நிறப் பாகுபாட்டைக் காக்க நின்ற தெற்கத்திய மாநிலங்களின் செனட்டர்களைச் சமாதானப்படுத்திப் பல்லைப் பிடுங்கிய ஒரு சிவில் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றினார். பயன் கொஞ்சம்தான். ஆனால் 1875க்குப் பிறகு வந்த முதல் சட்டம் அது.

1960இல் அதிபர் வேட்பாளராக முயன்று கென்னடியிடம் தோற்று, துணை அதிபர் ஆனார். அந்த மூன்று வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கென்னடியைச் சுற்றியிருந்த ஹார்வர்டுக்காரர்கள் அவருடைய கிராமத்துப் பேச்சைக் கேலி செய்தார்கள். கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடியும் இவரும் ஒருவரை ஒருவர் கடைசிவரை வெறுத்தார்கள். பாக்கியிருந்தது வெளிநாட்டுப் பயணம். 1961இல் கராச்சியில் சாலையோரம் நின்ற ஓர் ஒட்டக வண்டிக்காரரிடம் கைகுலுக்கி, அமெரிக்கா வந்தால் என் வீட்டுக்கு வா என்று அரசியல்வாதி பாணியில் சொல்லி வைத்தார். அது பத்திரிகையில் வந்து, அந்த மனிதர் நிஜமாகவே அதே வருடம் அமெரிக்காவுக்கு வந்து இறங்கினார். ஜான்சன் தன் பண்ணையில் விருந்து வைத்தார்.

1963 நவம்பர் 22, டல்லாஸ். கென்னடி சுடப்பட்டுச் சில மணி நேரத்தில் விமானத்துக்குள்ளேயே பதவி ஏற்றார். பக்கத்தில் ரத்தக்கறை படிந்த உடையில் ஜாக்குலின் நின்ற அந்தப் புகைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஐந்தாம் நாள் இரு சபைகளின் கூட்டத்தில் பேசும்போது, கென்னடிக்குச் செலுத்தும் சிறந்த அஞ்சலி அவர் கொண்டுவந்த சிவில் உரிமை மசோதாவைச் சீக்கிரம் நிறைவேற்றுவதுதான் என்றார். சபையில் முடங்கிக் கிடந்த மசோதா, இறந்தவரின் கடைசி ஆசையாக மாறிவிட்டது.

அந்த வாரத்திலேயே இன்னொன்று நடந்தது. அவர் தொலைபேசிப் பேச்சுகளை ஒலிநாடாவில் பதிவு செய்து வைத்ததால் நமக்கு இது வார்த்தைக்கு வார்த்தை தெரியும். கென்னடி கொலையை விசாரிக்கும் வாரன் குழுவில் தன் பழைய குரு ரஸ்ஸலைப் போட விரும்பினார். ரஸ்ஸலுக்குத் தலைமை நீதிபதி வாரனைப் பிடிக்காது, முடியவே முடியாது என்றார். ஜான்சன் அமைதியாகச் சொன்ன பதில்: அறிவிப்பு ஏற்கெனவே பத்திரிகைக்குப் போய்விட்டது. ரஸ்ஸல் கத்துகிறார், இவர் கொஞ்சுகிறார், கடைசியில் ரஸ்ஸல் குழுவில் உட்கார்ந்தார்.

1964 சிவில் உரிமைச் சட்டத்தை அவர் எப்படி நிறைவேற்றினார் என்பது அவருடைய தொழில் தெரிந்த இடம். முதலில் வரிக்குறைப்பு மசோதாவை வழியிலிருந்து நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் தெற்கத்தியர்கள் அதைப் பணயமாகப் பிடித்து வைப்பார்கள். நிதிக்குழுத் தலைவர் ஹாரி பேர்ட், பட்ஜெட் 10,000 கோடி டாலருக்குள் வந்தால் விடுகிறேன் என்றார். ஜான்சன் 9,790 கோடியில் கொண்டுவந்து காட்டினார். அதன்பின் செனட்டில் தெற்கத்தியர்கள் பேசியே நாள் கடத்தத் தொடங்கினார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியது. விவாதத்தை முடிக்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், அதாவது குடியரசுக் கட்சியின் உதவி வேண்டும். அவர்கள் தலைவர் எவரெட் டர்க்சன், மேடையையும் புகழையும் விரும்பியவர். ஜான்சன் தன் ஆட்களிடம் சொன்னது, பெருமை முழுக்க அவருக்கே போகட்டும், தினமும் அவர் வீட்டு வாசலில் நில்லுங்கள் என்பதுதான். ஜூன் 10 அன்று ஓட்டெடுப்பு. மூளைக்கட்டியால் பேச முடியாமல் போயிருந்த கலிபோர்னியா செனட்டர் கிளேர் எங்கிளைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்தார்கள். அவர் விரலால் தன் கண்ணைக் காட்டி ஆம் என்று தெரிவித்தார் (ஆங்கிலத்தில் கண்ணுக்கும் ஆம் என்பதற்கும் ஒரே ஓசை). 71க்கு 29. ஜூலை 2இல் சட்டம் கையெழுத்தானது. உணவகம், ஹோட்டல், திரையரங்கு, வேலை இடம் எதிலும் நிறம் பார்த்து மனிதரை ஒதுக்குவதை அந்தச் சட்டம் தடை செய்தது.

தெற்கை நீண்ட காலத்துக்கு எதிர்க்கட்சியிடம் கொடுத்துவிட்டோம் என்று அன்று இரவு தன் உதவியாளர் பில் மோயர்ஸிடம் ஜான்சன் சொன்னதாக மோயர்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். நவம்பர் தேர்தலில் 61 சதவீத ஓட்டு வாங்கி குடியரசுக் கட்சி வேட்பாளர் பாரி கோல்டுவாட்டரைத் தோற்கடித்தார். ஆனால் தெற்கின் ஐந்து மாநிலங்கள் அப்போதே கைவிட்டுப் போயின.

பிறகு 1965. இந்த ஒரு வருடத்தைக் கொஞ்சம் நாள் வாரியாகப் பாருங்கள். மார்ச் 7, அலபாமா மாநிலம் செல்மாவில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மக்களைக் குதிரைப் போலீஸ் அடித்து விரட்டியது. மறுநாள், மார்ச் 8, வியட்நாமின் டா நாங் கடற்கரையில் சுமார் 3,500 அமெரிக்க மரைன் படை வீரர்கள் இறங்கினார்கள். மார்ச் 15, ஜான்சன் இரு சபைகளின் முன்னால் வாக்குரிமைச் சட்டம் கேட்டுப் பேசினார். கறுப்பின மக்களின் போராட்டப் பாட்டு வரியையே எடுத்து, நாம் வெல்வோம் என்றார். கொட்டுல்லா குழந்தைகளைப் பற்றியும் பேசினார். அந்தப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் போன்றவர்களுக்கும் உதவும் வாய்ப்பு தனக்குக் கிடைக்கும் என்று 1928இல் நினைத்ததே இல்லை, இப்போது கிடைத்திருக்கிறது, அதைப் பயன்படுத்தத்தான் போகிறேன் என்றார். ஜூலை 28, வியட்நாமில் படைபலத்தை 75,000இலிருந்து 1,25,000 ஆக்குவதாக அறிவித்தார். ஜூலை 30, முதியோருக்கான மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், மெடிகேர். அதைக் கையெழுத்திட, இந்தத் திட்டத்தை முதலில் கேட்டுத் தோற்ற முன்னாள் அதிபர் ட்ரூமனின் ஊருக்கே போய், முதல் அட்டையை அவருக்குக் கொடுத்தார். ஆகஸ்ட் 6, வாக்குரிமைச் சட்டம். ஒரே மேசையில், ஒரே பேனாவில், ஒரே வாரத்தில் இரண்டு வேலையும் நடந்தன. இரண்டு ஜான்சன் என்ற கதையை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

சட்டங்களின் விளைவு சின்னது இல்லை. மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிவு செய்திருந்த கறுப்பின மக்கள் 7 சதவீதத்துக்கும் குறைவு. 1967க்குள் அது ஏறத்தாழ 60 சதவீதம். நாட்டில் வறுமையில் இருந்தவர்கள் 1964இல் 19 சதவீதம், 1969இல் 12 சதவீதம். தர்குட் மார்ஷலை உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாக நியமித்தார். அதே சமயம் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தான ஐந்தாம் நாள் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதி பற்றி எரிந்தது. இவ்வளவு செய்தும் ஏன் கலவரம் என்று அவருக்குப் புரியவே இல்லை. கொடுத்தால் நன்றியாக இருப்பார்கள் என்ற கணக்கு அவருடையது.

வியட்நாமுக்கு வருகிறேன். அந்தப் போரை ஜான்சன் விரும்பினார் என்பது தவறு. 1964 மே மாதத் தொலைபேசிப் பதிவில், இது சண்டை போடத் தகுந்த இடம் என்று தோன்றவில்லை, வெளியேறவும் முடியும் என்று தோன்றவில்லை என்று தன் ஆலோசகர் பண்டியிடம் புலம்புகிறார். என்னைக் கேட்டால் இது அவரை விடுவிக்கவில்லை, குற்றத்தைக் கூட்டுகிறது. தெரியாமல் போனவர் இல்லை, தெரிந்தே போனவர். சீனாவைக் கம்யூனிஸ்டுகளிடம் இழந்தார் என்று ட்ரூமனைக் குடியரசுக் கட்சி பந்தாடியதை அவர் செனட்டில் உட்கார்ந்து பார்த்தவர். வியட்நாமை இழந்தால் தன் உள்நாட்டுத் திட்டங்களும் அதோடு போகும் என்று பயந்தார்.

1964 ஆகஸ்ட் 2இல் டோன்கின் வளைகுடாவில் ஓர் அமெரிக்கப் போர்க்கப்பல் மீது வடவியட்நாம் படகுகள் தாக்கின. 4ஆம் தேதி மறுபடி தாக்கியதாகச் செய்தி. அந்த இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்று இன்று தெரியும். ஆனால் அதைக் காட்டிப் போர் நடத்த வரம்பில்லாத அதிகாரத்தை வாங்கினார். பிரதிநிதிகள் சபையில் 416 பேர் ஆதரவு, எதிர்ப்பு பூஜ்யம். செனட்டில் இரண்டே பேர் எதிர்த்தார்கள். இங்கும் ஓட்டு எண்ணிக்கை கச்சிதம்.

1965 ஏப்ரலில் பால்டிமோரில் ஒரு பேச்சு. சண்டையை நிறுத்தினால் மேகாங் ஆற்றில் அணை கட்டி, மின்சாரம் தந்து, அந்தப் பகுதியின் வளர்ச்சிக்கு 100 கோடி டாலர் தருவதாகச் சொன்னார். குன்றுப் பகுதிக்கு விளக்குக் கொண்டுவந்த மனிதர் மனதாரச் சொன்னதுதான் இது. வடவியட்நாம் தலைவர் ஹோ சி மின் ஒரு செனட்டராக இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார். ஆனால் அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அமெரிக்கா வெளியேறுவது. அதை ஜான்சன் கொடுக்கத் தயாராக இல்லை. வேறு எதையும் ஹோ வாங்கத் தயாராக இல்லை. பேரம் படியாதபோது ஜான்சனுக்குத் தெரிந்த அடுத்த வழி அழுத்தத்தைக் கூட்டுவது. குண்டு கூடியது, ஆள் கூடியது. 1963 முடிவில் சுமார் 16,000 ராணுவ ஆலோசகர்கள். 1968இல் 5 லட்சத்துக்கு மேல் படைவீரர்கள். அவர் பதவியை விட்டபோது செத்த அமெரிக்கர்கள் 30,000க்கு மேல், வியட்நாமியர்கள் லட்சக்கணக்கில். இழப்பையும் செலவையும் மக்களிடம் நேராகச் சொல்லவும் இல்லை. வரியை 1968 வரை உயர்த்தாமல் இழுத்ததில் விலைவாசி ஏறியது. வெள்ளை மாளிகை வாசலில் இளைஞர்கள், இன்று எத்தனை பிள்ளைகளைக் கொன்றாய் என்று கோஷம் போட்டார்கள்.

1968 ஜனவரி கடைசியில் டெட் தாக்குதல். வடவியட்நாம் படையும், வியட்காங் எனப்பட்ட தென்வியட்நாம் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களும் நகரம் நகரமாக ஒரே நேரத்தில் தாக்கினார்கள். ராணுவக் கணக்கில் அது வியட்காங்குக்குப் பெரிய இழப்பு. ஆனால் வெற்றி பக்கத்தில் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்த அரசின் பேச்சை அதற்குமேல் யாரும் நம்பவில்லை. மார்ச்சில் நியூ ஹாம்ப்ஷயர் உள்தேர்தலில் போரை எதிர்த்த அவர் கட்சிச் செனட்டர் யூஜின் மெக்கார்த்தி 42 சதவீதம் வாங்கினார். நான்கு நாளில் ராபர்ட் கென்னடியும் களத்தில் குதித்தார். மார்ச் 31 இரவு தொலைக்காட்சியில் தோன்றி, குண்டுவீச்சைக் குறைப்பதாகச் சொல்லி, பேச்சின் கடைசியில், என் கட்சி வேட்பாளராக நிற்க முயலமாட்டேன், தந்தாலும் ஏற்கமாட்டேன் என்று முடித்தார். நான்கு நாளில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார், ஜூனில் ராபர்ட் கென்னடி. கிங் இறந்த ஒரு வாரத்தில், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றிவிட்டார். அதுதான் அவருடைய கடைசிப் பெரிய சிவில் உரிமைச் சட்டம்.

மனிதர் பழகுவதற்கு எப்படி என்றும் கொஞ்சம் சொல்லவேண்டும். கழிவறையில் உட்கார்ந்துகொண்டே அதிகாரிகளுக்கு உத்தரவு கொடுப்பார். பித்தப்பை அறுவை முடிந்து, சட்டையைத் தூக்கித் தழும்பைப் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டினார். தண்ணீரிலும் மிதக்கும் கார் ஒன்று வைத்திருந்தார். விருந்தாளியை ஏற்றிக்கொண்டு, பிரேக் பிடிக்கவில்லை என்று அலறியபடி ஏரிக்குள் விடுவார். கூட வேலை செய்தவர்களை அழவைப்பார், மறுநாள் பரிசு வாங்கிக் கொடுப்பார்.

1969 ஜனவரியில் பண்ணைக்குத் திரும்பியதும் சிகரெட்டை மறுபடி பற்றவைத்தார். தலைமுடியை நீளமாக வளர்த்தார், தன்னைத் திட்டிய மாணவர்களைப் போலவே. 1972 டிசம்பரில் ஆஸ்டினில் சிவில் உரிமை பற்றிய கூட்டத்துக்கு டாக்டர் தடுத்தும் போனார், நெஞ்சுவலி மாத்திரையை மேடையிலேயே போட்டுக்கொண்டு பேசினார். 1973 ஜனவரி 22 அன்று மாரடைப்பில் இறந்தார், வயது 64. வியட்நாம் அமைதி உடன்பாட்டை நிக்சன் அறிவித்தது மறுநாள்.

இப்போது கோதுமை. 1965, 66 இரண்டு வருடமும் இந்தியாவில் மழை பொய்த்தது. 1964-65இல் 8.9 கோடி டன்னாக இருந்த தானிய விளைச்சல் மறுவருடம் 7.2 கோடி டன்னுக்கு விழுந்தது. பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தில் வந்த அமெரிக்கக் கோதுமைதான் ரேஷன் கடையை ஓட்டியது. ஜான்சன் அதை அடியோடு நிறுத்தவில்லை. நீண்ட கால ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல், மாதம் மாதம் தானே ஒப்புதல் கொடுத்து அனுப்பினார், இதுதான் நான் சொன்ன திருத்தம். இந்தியாவில் எங்கே மழை பெய்தது என்ற விவரத்தைக்கூட வரவழைத்துப் பார்த்தார். நோக்கம் இரண்டு. விவசாயத்தில் இந்தியா பணம் போட வேண்டும், வியட்நாம் குண்டுவீச்சைக் கண்டிப்பதை நிறுத்த வேண்டும். முதலாவதில் அவருக்கு எதிரே உட்கார்ந்தவர் கோவை மாவட்டத்துக்காரர், அன்றைய உணவு, விவசாய அமைச்சர் சி. சுப்பிரமணியம். 1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க விவசாய அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனோடு அவர் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். உரம், விதை, கொள்முதல் விலை எல்லாவற்றிலும் மாற்றம். ஆனால் அந்தத் திட்டத்தை ஜான்சன் திணித்தார் என்பது பாதி உண்மை. சுப்பிரமணியம் அதற்கு முன்பே அதையே மந்திரிசபையில் போராடிக் கேட்டுக்கொண்டிருந்தார், அமெரிக்க நெருக்கடி அவர் கையை வலுப்படுத்தியது. 1966இல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதை இறங்கியது. 1967-68இல் கோதுமை விளைச்சல் 1.65 கோடி டன், அதற்குமுன் எப்போதும் இல்லாத அளவு. இரண்டாவது நோக்கம் பலிக்கவில்லை. 1966 மார்ச்சில் வாஷிங்டன் போய் நல்ல பெயர் வாங்கி வந்த இந்திரா காந்தி, ஜூலையிலேயே குண்டுவீச்சை நிறுத்தச் சொன்னார். கப்பல்கள் தாமதமாயின. பசித்தவன் தட்டை இழுத்து இழுத்துக் கொடுத்தார் என்ற கோபம் இந்திய அதிகாரிகளிடம் பல வருடம் இருந்தது, அது நியாயமான கோபம்தான்.

நம்மவர்களைத் தொடும் இன்னொரு சட்டமும் அவர் கையெழுத்துதான், அதை யாரும் அவர் கணக்கில் எழுதுவதில்லை. 1946 முதல் இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேற வருடத்துக்கு 100 பேருக்குத்தான் இடம். 1965 அக்டோபர் 3, சுதந்திர தேவி சிலையின் அடியில் உட்கார்ந்து, பிறந்த நாட்டை வைத்து இடம் ஒதுக்கும் அந்த முறையை ஒழித்தார். ஒரு நாட்டுக்கு 20,000 வரை என்று ஆயிற்று, குடும்ப உறவுக்கும் தொழில் திறமைக்கும் முன்னுரிமை. சென்னையிலும் மதுரையிலும் மருத்துவமும் பொறியியலும் படித்தவர்கள் 1970களில் அமெரிக்கா போய்க் குடியேற முடிந்தது இந்த வழியில்தான். கையெழுத்துப் போட்ட அன்று ஜான்சன் சொன்னது, இது புரட்சிகரமான சட்டம் அல்ல, கோடிக்கணக்கானவர்களின் வாழ்க்கையை இது பாதிக்காது என்று.